இடுப்பு முறிந்து தேறும் அப்பாவும் அவருடைய புதுக்கோட்டை ராஜாவும்

திருச்சியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 85 வயது. பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டை. ஆறு வாரத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டில் பந்து போல் இருக்கும் எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருக்கிறார்கள். இப்போது மகள் வீட்டில் தேறி வருகிறார். வாக்கர் பிடித்து நடக்கச் சொன்னால் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். சமஸ்தானத்து ராஜாவைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறார். ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை, 'கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த வம்சம்தானே மாமா' என்று சொல்லிவிட, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம். இது மறதி நோயின் ஆரம்பமா? இந்தப் பேச்சைக் குறைக்க வேண்டுமா? அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை? ஒரு முறை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார், போகலாமா?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்த்தவன். பிறந்த ஊர் புதுக்கோட்டைதான். இடுப்பு முறிந்து எழுந்து நடந்த பெரியவர்களையும் தெரியும், ஊரை ஆண்ட தொண்டைமான் ராஜாக்களின் கதைகளையும் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் குழப்பம் ஒன்று உண்டு. அது திடீரென்று வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல் மோசமாகும். இருக்கும் இடம் தெரியாது. மகளை யாரோ என்று பார்ப்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். அப்படி இருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் உப்புக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று அதற்குப் பின்னால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும்.

உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பது அப்படித் தெரியவில்லை. கதைக்கு முன்னும் பின்னும் இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் வருகிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்றும் சொல்கிறார். இது நினைவு நன்றாக இருப்பதன் அடையாளம். முதியவர்களுக்குச் சிறுவயதும் இளமையும்தான் மற்ற காலத்தைவிடத் துலக்கமாக நினைவிருக்கும். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்ந்ததன் குறியாகப் பார்த்த காலம் அது. அவர் அதை மறுத்தார். வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் மனிதர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குப் பார்ப்பது இயல்பு, தேவையும்கூட என்றார். நோயாளிகளின் கட்டிலோரத்தில் நான் பார்த்ததும் அதைத்தான். ஒரே கதையை ஒரு மணி நேரத்துக்குள், சொன்ன நினைவே இல்லாமல் திரும்பச் சொல்கிறாரா, பணத்தை எண்ணத் தடுமாறுகிறாரா என்று மட்டும் கவனித்து வாருங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் முறையாகப் பரிசோதிக்கலாம்.

விழுந்ததற்கு அடுத்த மாதத்தில் பேசுகிறவருக்கு இன்னொரு தேவையும் உண்டு. குளியலறைக்குப் போக ஒருவர் பிடிக்க வேண்டும், வேட்டி கட்ட ஒருவர் உதவ வேண்டும் என்று ஆகிவிட்ட மனிதர் அவர். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று அவருக்கு இருப்பது இந்த ராஜா பேச்சு ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சரி, அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை? பெரும்பகுதி உண்மைதான். சில இடங்களில் இரண்டு ராஜாக்கள் ஒருவராகிவிடுகிறார்கள். அது ஊரில் எல்லோருக்கும் நடப்பது.

'வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டதால் ராஜா ஊரைவிட்டே போனார்' என்று அவர் சொல்வது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானை. 1886இல் பட்டத்துக்கு வந்தவர். 1915இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். ஊருக்கும் அழைத்து வந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கும் பட்டத்துரிமை இல்லை என்றாகிவிட்டது. ராஜா ஆட்சிப் பொறுப்பை விட்டு விலகி பிரான்சில் வாழ்ந்தார், 1928இல் பாரிசில் இறந்தார். உங்கள் அப்பா பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன கதை இது. அவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்.

அப்பா கண்ணால் பார்த்த ராஜா அடுத்தவர், ராஜகோபாலத் தொண்டைமான். 1928இல் பட்டம் சூட்டியபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை ராஜா! நிர்வாகத்தை மற்றவர்கள் நடத்தினார்கள். 1934 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி நிர்வாகியாக இருந்தார். ராஜா கைக்கு முழு அதிகாரம் வந்தது 1944இல். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்துவிட்டது. ஆக, அவர் தாமாக ஆண்டது நாலு ஆண்டு. இணைப்பு நடந்த அன்று அவருக்கு வயது 25, உங்கள் அப்பாவுக்கு ஏழோ எட்டோ. அப்பாவின் மனதில் இருக்கும் ராஜா, மீசை முறுக்கிய சிம்மாசனத்துக் கிழவர் அல்ல. தெருவில் ஊர்வலம் போன ஓர் இளைஞர். அந்த இளைஞர் ஆட்சி போனபிறகும் அரை நூற்றாண்டு வாழ்ந்து, திருமணம் செய்யாமலேயே 1997இல் மறைந்தார். 1971இல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து மன்னர் மானியமும் நின்றது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அவர் வாழ்ந்த புது அரண்மனையில்தான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. பட்டா மாற்றவும் ரேஷன் அட்டை மனு கொடுக்கவும் ஜனங்கள் ஏறி இறங்கும் படிகள் அவை. மன்னராட்சி முடிந்த விதங்களில் இது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

'முத்துலட்சுமி ரெட்டியைப் படிக்க வைத்தது எங்கள் ராஜாதான்' என்று அப்பா சொல்வதும் சரியான செய்தி. முத்துலட்சுமி புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு ஊரில் பலத்த எதிர்ப்பு. மார்த்தாண்ட பைரவர் அதை மீறிச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பெண் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் பட்டம் பெற்றார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. ஒரு ராஜாவின் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் தொழிலில் இருந்த யாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் ஒரு பெண் படிப்பதற்கு ஒரு தனிமனிதரின் நல்ல மனதை நம்பியிருக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இரண்டையும் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நல்ல பேச்சு ஒன்று நடக்கும்.

அவர் தகர டப்பாவில் வைத்திருப்பதாக நீங்கள் எழுதிய மூன்று காசுகள் சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். அணாவுக்கு இருபது காசு, ரூபாய்க்கு 320. சமஸ்தானமே அந்த அம்மனுடையது, ராஜா அவளுடைய தாசன் என்பது இங்கத்திய வழக்கம். பெயருக்கு முன்னால் 'பிரகதாம்பாள் தாஸ்' என்றுதான் போட்டுக்கொண்டார்கள். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசும் கொடுப்பார்கள். என் பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு காசு இருந்தது, அதை அவர் கடைசிவரை செலவழிக்கவே இல்லை. அப்பா தம் காசுகளை எடுத்துத் தடவிப் பார்ப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இனி கட்டபொம்மன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது பொய்யல்ல. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபின் கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்தார். புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி கலெக்டர் எழுதிய கடிதத்துக்குத் தொண்டைமான் கட்டுப்பட்டார், நட்பு ஒப்பந்தம் இருந்தது என்று எங்கள் ஊர்க்காரர்கள் வாதாடுவார்கள். நானும் சின்ன வயதில் வாதாடியிருக்கிறேன். இப்போது வாதாடுவதில்லை. 1750களில் திருச்சி முற்றுகையின்போது ஆங்கிலேயருக்குத் தானியம் அனுப்பியதிலிருந்து தொண்டைமான்கள் அவர்கள் பக்கம்தான் நின்றார்கள். அந்த நட்புக்குப் பலனாக 1803இல் கீழாநிலைக் கோட்டையும் சீமையும் கிடைத்தன. சுற்றிலும் பாளையங்கள் அழிந்து ஜமீன்களாகிப்போனபோது, தமிழ்ச் சீமையில் புதுக்கோட்டை மட்டும் தனி சமஸ்தானமாக நின்றதற்கும் அதுவே காரணம். ஒரு சின்ன அரசு பிழைத்துக் கிடக்க என்ன விலை கொடுத்தது என்று பார்த்தால் மனசு கனக்கிறது. அதே சமயம், 1799இல் ஆண்டவருக்கும் உங்கள் அப்பா பார்த்த இளைஞருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. தாத்தாவின் தாத்தா செய்ததை வைத்து, எட்டு வயதுப் பிள்ளையின் நினைவைக் குத்திக்காட்டுவது நியாயமில்லை.

அப்பாவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. சமஸ்தானத்தில் எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று அவர் சொன்னால், 1931இல் வரிச்சுமையை எதிர்த்து ஊர் கொந்தளித்ததைக் கேளுங்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று போராடிய உள்ளூர்க்காரர்களைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கும். நோயாளி என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அப்படித் தலையாட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும், அது இன்னும் வலிக்கும். வாதம் நடக்கட்டும், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம். இதை மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். இன்றைக்கு உங்கள் அப்பா ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு எழுவது, அவருடைய தொடைத் தசையிலிருந்து எடுத்துக் கொடுப்பது மாதிரி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குத் தசை வேகமாகக் கரையும். அதைத் திரும்பக் கட்ட நடையும் வேண்டும், புரதமும் வேண்டும். இந்த நிலையில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. உங்கள் அப்பா 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். இரண்டு இட்லியும் சட்னியும், மத்தியானம் ரசம் சாதமும், ராத்திரி கஞ்சியும் கொடுத்தால் இதில் பாதிகூடச் சேராது. நம் வீடுகளில் உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது இருக்கட்டும்: காலையில் முட்டை அல்லது கெட்டியான பருப்பு சாம்பார், மத்தியானம் மீன் அல்லது கோழி, நாலு மணிக்குச் சுண்டல், படுக்கும் முன் பால். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைக்கு வருகிறேன். 'அப்புறம்' என்று தட்டிக்கழிக்கிறவர் பெரும்பாலும் சோம்பேறியாக இருப்பதில்லை. ஒன்று வலி, இல்லையென்றால் மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். வெளியே சொல்லமாட்டார். வலி மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், நடப்பதற்கு அரை மணி முக்கால் மணி நேரத்துக்கு முன்பு வருகிற மாதிரி வேளையை மாற்றலாமா என்று கேளுங்கள். பயத்துக்கு மருந்து, பக்கத்தில் ஆள் நிற்பதுதான். முதல் சில நாள் அறுவை செய்த காலின் பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். தலைசுற்றல் இல்லை என்றால் எழலாம். வாக்கரை ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும், பிறகு அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். ஒரே தடவையில் அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து நிமிடமாக ஐந்தாறு தடவை நடப்பது நல்லது. ராஜா பேச்சை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். கட்டிலில் படுத்தபடி கதை சொல்ல விடாதீர்கள். 'கீழ ராஜ வீதியில் என்னென்ன கடை இருந்தது? ஹாலுக்கு வந்து சொல்லுங்கப்பா' என்று கேளுங்கள். அந்த டப்பாவைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்து ஹால் அலமாரியில், அவர் நின்றபடி எட்டும் உயரத்தில் வையுங்கள். இதை அவருக்குத் தெரியாமல் செய்யாமல், ஏன் என்று சொல்லியே செய்யுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் நடைக்கு எண்ணிக்கை வைக்கச் சொன்னால் எரிந்து விழுவார். தம் தெருவைப் பற்றிக் கேட்டால் மட்டும் வராண்டாவின் கடைசிவரை போய்த் திரும்பி வருவார்.

நாற்காலி உயரமாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். தரையில் சம்மணம், குந்துதல், கால்மேல் கால் எதுவும் கூடாது. எத்தனை நாளைக்கு என்பதை அறுவை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குளியலறையில் பிடிகம்பி, வழுக்காத விரிப்பு, ராத்திரி விளக்கு இந்த மூன்றும் இந்த வாரமே வந்தாக வேண்டும். மத்தியானத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் ராத்திரி தூங்குவார்.

ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தையல் போட்ட இடம் சிவந்து கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் பலரும் விட்டுவிடுவது. நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். ஒரு முறை முறிந்தவருக்கு இன்னொரு முறை முறியும் வாய்ப்பு அதிகம். உலோகப் பந்து வைத்ததோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு மெலிவுக்கான மருந்து இவை தேவையா என்று அடுத்த முறை போகும்போது நீங்களாகவே கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். விழுந்ததற்கு அவை காரணமாக இருந்திருக்கலாம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். போகலாம், கட்டாயம் போங்கள். மருத்துவர் சரி என்று சொன்னபிறகு, மூன்றாவது மாத முடிவில் ஒரு தேதி குறித்து நாட்காட்டியில் எழுதி, அவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. காரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கெட்டியான திண்டு போட்டு உயர்த்துங்கள். முதலில் இடுப்பைச் சீட்டில் வைத்துவிட்டுப் பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பாதி வழியில் கீரனூரில் இறங்கி ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். பல்லவன் குளக்கரையை வண்டியிலிருந்தே காட்டலாம். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீரமைத்த குளம் அது, அப்பாவுக்கு அதில் ஒரு கதை இருக்கும். திருக்கோகர்ணம் கோயிலில் படியும் கல்தளமும் உண்டு. அன்றைக்கு அவருடைய கால் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசலோடு கும்பிட்டாலும் போதும். அங்கே பக்கத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு மட்டும் அவசியம் போங்கள். மாப்பிள்ளையும் வரட்டும், வண்டியை அவரே ஓட்டட்டும். அரண்மனையைப் பார்க்க மாமனார் இறங்கும்போது படி வந்தால் வாக்கரைப் படியில் வைக்கக் கூடாது. ஒரு கை கைப்பிடிச் சுவரில், மறுபக்கம் மாப்பிள்ளை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.